சாமி விளக்கும் பச்சைப் புள்ளியும்

பொழுது சாய்ந்தால் எங்கள் லாரி காணாமல் போய்விடும். சாலையிலிருந்து அல்ல, அம்மாவின் செல்போனிலிருந்து.

சங்ககிரியில் அப்பாவுக்கு லோடு கொடுத்துவந்த ஆபீஸ்காரர்கள், வண்டி எங்கே போகிறது என்று பார்க்க அதில் ஒரு ஜி.பி.எஸ். பெட்டியைப் பொருத்தினார்கள். அதைக் காட்டும் ஆப்பை அப்பாவே அம்மாவின் போனிலும் போட்டுக் கொடுத்தார். வண்டி ஓட்டும்போது போன் செய்து எங்கே எங்கே என்று கேட்காதே, இதைப் பார்த்துக்கொள் என்று அர்த்தம். வண்டியைக் காட்டும் பச்சைப் புள்ளி தொப்பூர் மேடு ஏறிவிட்டதா, கிருஷ்ணகிரி தாண்டிவிட்டதா என்று பார்த்த பிறகுதான் அம்மா சோற்றில் கை வைப்பாள். ஆனால் பெட்டி வைத்த நாளிலிருந்தே, விளக்கு வைக்கிற நேரமானால் புள்ளி சாம்பல் நிறமாகி அப்படியே நின்றுவிடும். மறுநாள் விடிந்ததும் பெங்களூருக்குப் பக்கத்தில் எங்காவது பச்சையாக முளைக்கும்.

இருட்டில் பெட்டியின் ஒயரைப் பிடுங்கிவிட்டு அப்பா எங்கேயோ டீசல் விற்கிறார் என்பது ஆபீஸின் முடிவு. கோளாறு தீரும்வரை லோடு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அப்பா கோபக்காரர் இல்லை. “நான் ஒண்ணும் பண்ணலைங்க” என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

பெரியம்மாவின் முடிவு வேறு. அவளுடைய வீட்டுக்காரரும் ஒரு காலத்தில் லாரி ஓட்டியவர்தான். எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள்.

“பொழுதுசாஞ்சா காணாமப் போறது புள்ளியா, புள்ள? ஆம்பள போற எடத்தை நாம கேக்கப்படாது. நானெல்லாம் கேட்டனா?”

எனக்கு அது விடுகதை மாதிரி இருந்தது. உரித்த வெங்காயத்தைக்கூட எடுக்காமல் அம்மா உள்ளே போனாள். வெளியே வந்தபோது சேலை மாற்றியிருந்தாள்.

“கோளாறு வண்டியிலதான் இருக்குது. அது என்னன்னு பாக்காம நான் ஊட்டுக்குத் திரும்பப் போறதில்லை. வண்டிய எடுங்க” என்றாள் அப்பாவிடம்.

பள்ளிக்கூடம் விடுமுறை என்பதால் நானும் ஏறிக்கொண்டேன். எனக்கும் வண்டிமேல் ஒரு வழக்கு இருந்தது. அதில் சாயங்காலமானால் ரேடியோவில் பாட்டு கேட்க முடியாது, ஒரே கரகரப்பு. மலைப் பக்கம் அப்படித்தான் இருக்கும் என்பார் அப்பா. சமவெளியில் போகும்போதும் ஏன் கரகரக்கிறது என்று கேட்டால், பேசாம தூங்கு சாமி என்பார். ஆகவே அம்மா என் ரேடியோவுக்காகத்தான் இவ்வளவு வரிந்துகட்டுகிறாள் என்று நம்பி, எனக்கு அம்மாமேல் பெரிய மரியாதை வந்தது.

சங்ககிரி பைபாஸில் லாரி ஒயரிங் பட்டறை வைத்திருந்தவர், அன்று முழுக்க எங்கள் வண்டியோடு மல்லுக்கட்டினார். சந்தேகம் ஜி.பி.எஸ். பெட்டிமேல் இல்லை, பக்கத்தில் இருக்கும் ஏதோ ஒன்று அதைக் கெடுக்கிறது என்பது அவர் எண்ணம். சார்ஜரைக் கழற்றினார். சின்ன ஃபேனைக் கழற்றினார். ஹாரனை அடித்து அடித்துப் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் அம்மா போனைப் பார்த்து “பச்சைங்க” என்பாள். எதைக் கழற்றினாலும் பச்சை, மாட்டினாலும் பச்சை.

“கேபின்ல கரண்ட்டுல ஓடற சாமான் வேற ஏதாச்சும் இருக்குதுங்களா?”

“அவ்வளவுதானுங்க” என்றார் அப்பா.

கடைசியில் பட்டறைக்காரர் கையைத் துடைத்தார். “வண்டியில ஒண்ணுமே இல்லைங்க” என்று சொல்லிவிட்டு அப்பாவின் முகத்தைப் பார்த்தார். வண்டியில் ஒன்றும் இல்லையென்றால் குற்றம் யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். அப்பா கீழே இறங்கி, டயரை உதைத்துப் பார்ப்பதுபோல் அந்தப் பக்கம் போனார்.

அம்மா மட்டும் இறங்கவில்லை. “பகல்ல எப்பவும் பச்சைதானுங்க. இருட்டாகட்டும், இருந்து பாக்கறேன்” என்றாள். உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். ஊர் வாயையும் மூடித்தான் எழுந்திருப்பேன் என்பதுபோல் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் நான் ரேடியோவைப் போட்டுக்கொண்டேன். பாட்டு கணீரென்று வந்தது.

சங்ககிரிக் கோட்டை மலைக்குப் பின்னால் வெயில் இறங்கியது. அப்பா வந்தார். செருப்பைக் கீழே விட்டுவிட்டு ஏறினார், கண்ணாடிக்கு மேல் இருந்த அம்மன் படத்தைத் தொட்டுக் கும்பிட்டார், சுவிட்சைப் போட்டார். படத்து மாலைக்குள் மறைந்திருந்த சீரியல் விளக்கு, படத்தைச் சுற்றிச் சிவப்பும் பச்சையும் நீலமுமாக ஓட ஆரம்பித்தது. வண்டி ஓடினாலும் நின்றாலும் அந்த நேரத்துக்கு அதைப் போடாமல் இருக்கமாட்டார். போன ஆடியில், போகிற வழியில் துணை இருக்கட்டும் என்று அம்மா பவானியில் வாங்கிவந்து தன் கையால் கட்டிய விளக்கு அது.

ரேடியோ கரகரத்தது. நான் முணுமுணுத்தேன். அம்மா போனைப் பார்த்தாள். சற்று நேரத்தில் புள்ளி சாம்பலாகிவிட்டது. அவள் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள், பிறகு அம்மனைப் பார்த்தாள், எழுந்து சுவிட்சை அணைத்தாள்.

“சாமி வெளக்கு புள்ள” என்று பதறினார் அப்பா.

பாட்டு திரும்பி வந்தது. கொஞ்சம் பொறுத்துப் புள்ளியும் பச்சையானது. மறுபடி போட்டாள், கரகரப்பு. மறுபடி அணைத்தாள், பாட்டு.

சத்தம் கேட்டு வந்த பட்டறைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். ஜி.பி.எஸ். பெட்டி அம்மன் படத்துக்கு நேர் பின்னால்தான் இருந்தது. “வேற சாமான் இருக்குதான்னு கேட்டேனேங்க” என்றார். அப்பாவுக்கு நிஜமாகவே விளங்கவில்லை. “இது சாமான் இல்லைங்களே” என்றார்.

பெட்டியை வேறு பக்கம் மாற்றி, அம்மனுக்கு ஓடாமல் அசையாமல் எரிகிற ஒரு குண்டு பல்பைப் போட்டுக் கொடுத்தார் அவர். ஆபீஸ்காரர்களைப் போனில் கூப்பிட்டு அவரே விவரமும் சொன்னார். நாளைக்கு லோடு ஏற்ற வரச்சொன்னார்கள்.

வீட்டுக்குத் திரும்பும்போது பல்பு எரிந்தது, பாட்டும் ஓடியது. அம்மா கழற்றிய சீரியல் விளக்கை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். சத்தமில்லாத அழுகை. கலர் விளக்கு போய்விட்டதற்காக என்று நினைத்தேன், எனக்கும் அதில் வருத்தம்தான்.

அப்பா சாலையைவிட்டுக் கண்ணை எடுக்காமல், மெதுவாகக் கேட்டார்.

“இப்பத் திருப்திதானா?”

அம்மா மடியிலிருந்த விளக்கின் ஒயரைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். கேட்டதற்கு யாராவது பதில் சொல்ல வேண்டாமா?

“ரொம்பத் திருப்திப்பா. பாட்டு நல்லாக் கேக்குது” என்றேன் நான்.