நான் அழித்த மைக் டெஸ்ட்

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. அரியலூர், பெரம்பலூர் எல்லாமே அப்போது திருச்சி ஜில்லாதான். அரியலூரில் ஸ்டேஷன் போகிற ரோட்டில், எங்கள் வீட்டு முன் அறையிலேயே ஒரு கேசட் ரெக்கார்டிங் கடை வைத்திருந்தேன். என் கணவர் துபாயில் இருந்தார். லீவில் வந்தபோது ஒரு கேசட்டிலிருந்து இன்னொன்றுக்குப் பதிகிற ஒரு டபுள் டெக், குரலை எதிரொலிக்கவைக்கிற ஒரு எக்கோ பெட்டி, டிக் டிக் டும் என்று தாளம் போடும் ஒரு சின்ன கீபோர்டு எல்லாம் கொண்டுவந்தார். "வூட்ல சும்மாதான இருக்க, கடையப் போடு" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறிவிட்டார். சும்மாவாம்! இரண்டு பிள்ளைகள், படுக்கையில் மாமியார், விடிந்தால் குழாயடிச் சண்டை. அதற்கு மேல் இந்தக் கடை. சுண்ணாம்புக்கல் லாரி போகிற ரோடு என்பதால் காலையில் துடைத்த டெக்கின் மேல் மத்தியானம் விரலால் பெயர் எழுதலாம்.

வேலை என்னவென்றால், தாளில் பாட்டுகளை எழுதிக்கொண்டு வருவார்கள். அதை வரிசையாகப் பதிந்து கொடுக்க வேண்டும். ஒரே பாட்டை ஒரு நாளில் ஏழு பேருக்குப் பதிந்தால் எந்தப் பாட்டும் காதில் விழாது, சத்தம்தான் விழும். முதலில் சத்தத்தின் லெவல் பார்க்க ஒரு பழைய டெஸ்ட் கேசட் வைத்திருந்தேன். எது வந்தாலும் கொஞ்ச நேரம் அதில் பதிந்து, மீட்டர் முள் எவ்வளவு ஆடுகிறது என்று பார்ப்பேன். அது தீர்ந்தால் திருப்பிப் போட்டு, திரும்பவும் முதலிலிருந்து.

புதுக் கேசட் கையிருப்பு இல்லாவிட்டால் பழையதிலேயே பதிவேன். கேசட்டின் பின்பக்கம் இரண்டு ஓரத்திலும் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் பல் இருக்கும். அழியக் கூடாது என்று நினைப்பவர்கள் அதை உடைத்துவிடுவார்கள். உடைத்த ஓட்டையில் ஒரு துண்டு காகிதத்தை ஒட்டினால் போதும், மறுபடியும் பதியலாம். எங்கள் தொழிலில் இதை யாரும் தப்பாகவே நினைத்ததில்லை. என் கணவர் கடிதம் எழுத மாட்டார். பேசிப் பதிந்து, ஊருக்கு வருகிறவர்களிடம் கேசட்டாகக் கொடுத்தனுப்புவார். "அலோ, கேக்குதா?" என்றுதான் ஒவ்வொன்றும் ஆரம்பிக்கும். அப்புறம் மேஸ்திரியைப் பற்றிப் புலம்பல், ஊறுகாய் அனுப்பு என்கிற பாட்டு. ஒரு தடவை கேட்டுவிட்டு அதையும் கடைப் பெட்டியில் போட்டுவிடுவேன். அதன் மேல் யாருக்காவது சினிமாப் பாட்டு ஏறிவிடும்.

அப்படி இருந்த நாளில்தான் அந்தப் பாட்டுக்காரர் வந்தார். வாலிகண்டபுரத்துக்காரர். கடைப் பலகை, லாரி நம்பர் எழுதுகிற பெயின்டர். ஆனால் சுற்றுவட்டாரத்தில் பாட்டுக்காரர் என்று சொன்னால்தான் தெரியும். சினிமாப் பாட்டுப் பாட மாட்டார். தானே கட்டி, தானே மெட்டுப் போட்டுக் கல்யாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் பாடுவார். பருத்தி எடுக்கிற பெண்களைப் பற்றி ஒன்று, திருமழபாடியில் கொள்ளிடம் வறண்ட வருஷத்தைப் பற்றி ஒன்று, வராத பஸ்ஸுக்குக் காத்திருப்பவனைப் பற்றி ஒன்று. எந்தக் கம்பெனியும் அவரைப் பதிந்ததில்லை, அவரும் கேட்டுப் போனதில்லை. தொண்டையில் கட்டி வந்து திருச்சியில் ஆபரேஷன் செய்த பிறகு குரல் போய்விட்டது. பேசினால் காற்றுத்தான் வரும். முடியாதபோது சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து எழுதிக் காட்டுவார்.

"பாட்டெல்லாம் ஊரு ஊரா அடுத்தவங்க கேசட்டுல கெடக்குது தங்கச்சி. எனக்குன்னு ஒண்ணுமில்ல. ஒண்ணா சேத்துக் குடு" என்றார். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது.

சரி என்றேன். அப்போது தெரியவில்லை, ஒரு மாதம் இழுக்கும் என்று. வாரத்துக்கு இரண்டு தடவை பஸ் பிடித்து வருவார். கையில் யார் வீட்டிலிருந்தோ இரவல் வாங்கிய கேசட். கல்யாணச் சத்தத்துக்கு நடுவில் அவர் பாட்டு அரைகுறையாகக் கிடக்கும். ஒன்றில் குழந்தை அழும், ஒன்றில் நாய் குரைக்கும், ஒன்றில் பாதிப் பாட்டில் யாரோ சாப்பிடக் கூப்பிடுவார்கள். அந்த பஸ் பாட்டு மட்டும் மூன்று கேசட்டில் மூன்று விதமாகக் கிடைத்தது. ஒன்று வேகமாக, ஒன்று மெதுவாக, ஒன்றில் நடுவில் அவரே சிரித்துவிடுகிறார்.

"எது நல்லாருக்கோ அத மட்டும் போட்டுடலாமேண்ணே" என்றேன்.

தலையை ஆட்டி, தாளில் எழுதினார்: மூணும் வேணும்.

எனக்கு எரிச்சல். உலை கொதிக்கிறது, மாமியார் கூப்பிடுகிறார், இவருக்கு மூணும் வேணுமாம். ஆனாலும் வேலை செய்தால் ஒழுங்காகச் செய்வேன் என்கிற கர்வம் எனக்கு உண்டு. ஒரு நாள் பொறுமையாக உட்கார்ந்து அந்த பஸ் பாட்டுக்கு எக்கோ கொடுத்து, அடியில் கீபோர்டு தாளத்தையும் ஓடவிட்டுப் பதிந்தேன். டவுன் கடைகளில் கூட அப்படிக் கிடைக்காது. அவர் வந்ததும் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கடைசி வரைக்கும் கேட்டார்.

"யாரு பாடுறா இது?" என்றார்.

கிண்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அடையாளம் தெரியாதவர் போலக் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. நல்லது செய்தால் இப்படித்தான் என்று முணுமுணுத்துக்கொண்டு அதை எடுத்து வைத்துவிட்டேன்.

கடைசியாக வந்தது ஆண்டிமடத்துக் கேசட். துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். "பத்திரம். ரெண்டு நாள்ல திருப்பிக் குடுத்துடணும்" என்றார். பின்னால் இரண்டு பல்லும் உடைக்கப்பட்டிருந்தது. ஏன் என்று நான் கேட்கவில்லை. போட்டால், ஆரம்பத்தில் யாரோ ஒருவர் மைக்கைத் தட்டுகிறார். "அலோ... அலோ... மைக் டெஸ்ட்... ஒன், டூ, த்ரீ... யாருப்பா அது, ஒயர மிதிக்காத... அலோ... ஏ புள்ள, அங்க கேக்குதா?" எங்கேயோ தூரத்திலிருந்து ஒரு பெண், "கேக்குது, கேக்குது" என்கிறாள். அப்புறம்தான் பாட்டு. அதுவும் அந்த பஸ் பாட்டுத்தான், நாலாவது விதம். மைக் டெஸ்ட்டை விட்டுவிட்டு, பாட்டு ஆரம்பிக்கிற இடத்திலிருந்து அவருடைய கேசட்டில் பதிந்துகொண்டேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். என் புத்தி அன்றைக்கு எங்கே போனதோ! இரவல் கொடுத்தவர்களுக்கு நம்மால் ஆனதைச் செய்வோம், என் எக்கோ பாட்டை அவர்களாவது ரசிக்கட்டும் என்று தோன்றியது. ஓட்டையில் காகிதத்தை ஒட்டினேன். கேசட்டின் ஆரம்பத்திலிருந்து, அந்த இரைச்சலுக்கும் பழைய பாட்டுக்கும் மேலேயே, என்னுடைய தாளம் போட்ட பாட்டைப் பதிந்தேன். காகிதத்தைப் பிய்த்துவிட்டுத் துண்டில் சுற்றிக் கொடுத்தனுப்பினேன்.

இரண்டு நாள் கழித்து, கடை திறக்கும்போதே வாசலில் நின்றார். அதே துண்டு, அதே கேசட். மேஜையில் வைத்துவிட்டுத் தாளில் எழுதினார்: மைக் டெஸ்ட் எங்க?

"அதையா கேக்குறீங்க? எவரோ அலோ அலோன்னு கத்திக்கிட்டு கெடந்தாரு. அதையெல்லாம் எடுத்துட்டு, நல்ல பாட்டாப் போட்டு விட்டேனே" என்றேன்.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் அந்தக் காற்றுக் குரலில் விட்டு விட்டுச் சொன்னார். அலோ என்று கத்தியவர் ஆண்டிமடத்து மைக்செட்காரர். இவர் பாடுகிற இடத்துக்கெல்லாம் மைக் கட்டியவர், டேப்பில் பிடித்ததும் அவரே. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு திருவிழாவுக்குப் புளியமரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்ட ஏறினவர் விழுந்து இறந்துவிட்டார். கேசட்டைக் கொடுத்தது அவர் மனைவி. தூரத்திலிருந்து "கேக்குது" என்று சொன்னதும் அந்தம்மாதான்.

"போட்டோ இருக்கு தங்கச்சி. குரலு இது ஒண்ணுதான்" என்றார்.

நியாயமாக அந்த இடத்தில் நான் அழுதிருக்க வேண்டும். எனக்கு வந்தது கோபம். "எனக்கு எப்படித் தெரியும்? எழுதி ஒட்டியிருந்துச்சா? முன்னாடியே சொல்லித் தொலைக்க வேண்டியதுதான? மனுசி ஒத்தையில எத்தனையைத்தான் பாப்பா?" என்று வாய்க்கு வந்ததையெல்லாம் அவர் மேல் கொட்டினேன். அவர் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. சொல்லக் குரல் இல்லை என்பது, நான் கத்தி ஓய்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. வெட்கத்தில் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அப்போதுதான் டெஸ்ட் கேசட் ஞாபகம் வந்தது. ஆண்டிமடத்துக் கேசட்டுக்கும் லெவல் பார்த்திருப்பேனே! எடுத்தேன், கரண்ட் போய்விட்டது. பக்கத்து வீட்டில் ஒரு சின்ன டேப்பை இரவல் வாங்கி, பேட்டரி கட்டைகளைப் போட்டு உட்கார்ந்தோம். ஒரு வாரக் குப்பை முழுக்க அதில் இருந்தது. நாதஸ்வரம் கொஞ்சம், சாமி பாட்டுக் கொஞ்சம், யாரோ கட்சிக்காரர் பேச்சுக் கொஞ்சம். வேகமாக ஓட்டினால் தவறிவிடும் என்று பயந்து ஒவ்வொன்றாகக் கேட்டோம். வாடிக்கைக்காரர்களைத் திருப்பி அனுப்பினேன். ஒரு பக்கம் முடிந்து திருப்பிப் போட்டோம். கட்டை இறங்கி, பாட்டெல்லாம் இழுக்க ஆரம்பித்தது. தெரிந்த சாமியையெல்லாம் கும்பிட்டேன்.

"அலோ... அலோ..." என்று வந்தது. பாட்டுக்காரர் என் கையைப் பிடித்துவிட்டார். "மைக் டெஸ்ட்... ஒன், டூ, த்ரீ... யாருப்பா அது, ஒயர மிதிக்காத... அலோ... ஏ புள்ள, அங்க கே..."

அவ்வளவுதான். அந்த இடத்தில் நான் டெஸ்ட்டை நிறுத்தியிருக்கிறேன். அடுத்து ஒரு சினிமாப் பாட்டு.

கரண்ட் வந்ததும், கிடைத்ததை ஒரு புதுக் கேசட்டில் பதிந்து, முதல் வேலையாகப் பின்னால் இரண்டு பல்லையும் உடைத்தேன். மறுநாள் மாமியாரைப் பக்கத்து வீட்டில் சொல்லி ஒப்படைத்துவிட்டு, ஜெயங்கொண்டம் வழியாக ஆண்டிமடத்துக்குப் பஸ் ஏறினேன். அவரும் வந்தார். வெயில், கூட்டம், அழுக்குச் சீட்டு. திரும்பிப் போய்விடலாமா என்று வழியெல்லாம் யோசித்தேன்.

அந்தம்மா முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் இருப்பார். கொட்டையின் பால் கையில் படாமலிருக்கச் சாம்பல் தொட்டு வேலை செய்தும், விரலெல்லாம் கருத்துப் போயிருந்தது. பாட்டுக்காரர் என்னைக் கையால் காட்டினார்.

"அழிச்சது நீதானா?" என்றார் அந்தம்மா.

"ஆமாக்கா."

"தெரியாமத்தான செஞ்ச? உக்காரு" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த ஓய்ந்துபோன குரல்தான் என்னை என்னவோ செய்தது.

உள்ளேயிருந்து கணவருடைய டேப்பை எடுத்துவந்து வைத்தார். கையைக் கழுவிக்கொண்டு வந்து, தானே கேசட்டைப் போட்டார். பாதியில் அறுந்துபோகும் என்று முன்கூட்டியே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அலோ, அலோ. ஒன், டூ, த்ரீ. ஒயர மிதிக்காத. ஏ புள்ள, அங்க கே...

டேப் வெறுமனே ஓடிக்கொண்டிருந்தது.

"கேக்குது" என்றார் அந்தம்மா.

அழுதுகொண்டு சொல்லவில்லை. வேலையாக இருக்கும்போது கூப்பிட்ட புருஷனுக்குப் பதில் சொல்வது போலச் சொன்னார். பின்னுக்கு ஓட்டி மறுபடியும் போட்டார். அதே இடத்தில் நின்றது. "கேக்குது, கேக்குது" என்றார். மூன்றாவது தடவை பாட்டுக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார். நான் அந்தம்மாவின் காலைத் தொடப் போனேன். பிடித்துத் தடுத்து, "இதாவது இருக்கே, போ" என்று சொல்லி, மடியில் ஒரு கை முந்திரிப்பருப்பையும் போட்டு அனுப்பினார்.

பாட்டுக்காரரின் கேசட்டை அடுத்த வாரம் முடித்துக் கொடுத்தேன். எக்கோவும் இல்லை, தாளமும் இல்லை. குழந்தை அழுகிறது, நாய் குரைக்கிறது, பஸ் பாட்டு நாலு விதமாக இருக்கிறது. எல்லாவற்றுக்கும் முன்னால், முதல் பாட்டாக, அந்த அறுந்துபோன மைக் டெஸ்ட்டைப் போடச் சொன்னார். அட்டையை அவரே எழுதினார். மேலே மைக்செட்காரர் பெயர், அதற்குக் கீழேதான் தன் பெயர். கேசட் இரவல் கொடுத்த வீடுகளுக்கெல்லாம் ஒவ்வொன்று பதிந்து, அவரே பஸ்ஸில் அலைந்து கொண்டுபோய்க் கொடுத்தார்.

ஆண்டிமடத்திலிருந்து வந்த அன்றே, புடவை கூட மாற்றாமல் கடைப் பெட்டியைக் கவிழ்த்துத் தேடினேன். நாலு வருஷமாக என் கணவர் பேசி அனுப்பியது எத்தனையோ கேசட். எதைப் போட்டாலும் சினிமாப் பாட்டு. பாட்டேறாமல் ஒன்றே ஒன்று தப்பியிருந்தது. மேஸ்திரியைத் திட்டுகிறார், மாங்காய் ஊறுகாய் கேட்கிறார், பெரியவன் படிக்கிறானா என்று விசாரிக்கிறார். அதன் பல்லைக் கத்தரிக்கோல் முனையால் உடைத்து, பீரோவில் புடவைக்கு அடியில் வைத்தேன்.

அவர் துபாயை விட்டு வந்து வருஷங்கள் ஆகின்றன. அந்தக் கேசட் இன்னும் புடவைக்கு அடியில்தான் இருக்கிறது. இப்போது தோட்டத்தில் நின்றுகொண்டு நாளைக்கு இருபது தடவை குரல் கொடுக்கிறார். எவ்வளவு அலுப்பாக இருந்தாலும், அடுப்படியில் என்ன வேலையாக இருந்தாலும், "கேக்குதுங்க" என்று ஒரு வார்த்தை பதில் சொல்லாமல் நான் விடுவதில்லை.