நெஸ்தோர் வந்து உட்காரும்வரை

ஜுனைதாவுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருடம் ஆகிறது. அதில் அவளும் கணவர் ஹமீது சுல்தானும் ஒரே வீட்டில் இருந்த நாட்களை, மகள் மின்ஹா ஒருமுறை பழைய பாஸ்போர்ட்டுகளின் முத்திரைகளை வைத்துக் கூட்டிப் பார்த்தாள். மூன்று வருடம், நான்கு மாதம், பதினோரு நாள். மீதிக் காலமெல்லாம் ஹமீது வெறும் குரல்தான். முதலில் எஸ்.டி.டி. பூத்தில் வரிசையில் நின்று கேட்ட குரல், கடைசியில் செல்போனில் உள்ளங்கைக்கு வந்துவிட்டது.

போன ஜூன் மாதம் அவர் ஷார்ஜாவிலிருந்து இனித் திரும்பப் போவதில்லை என்று பெரியபட்டினத்துக்கு வந்து சேர்ந்தார். பத்தொன்பதாம் நாள் அதிகாலை, தொழுகைக்கு ஒளு எடுக்கப் போன இடத்தில் விழுந்தார். பக்கவாதம். வலது கையும் காலும் விளங்கவில்லை, பேச்சும் போய்விட்டது. மதுரையில் பதினாறு நாள் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வந்த நாலாம் நாள் பேச்சு திரும்பியது. பகல் ஒரு மணி. தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை. கட்டிலில் சாய்ந்திருந்த ஹமீது வாசலைப் பார்த்துத் தெளிவாக, கணீரென்று நாலு வார்த்தை சொன்னார். அடுப்படியிலிருந்து ஓடி வந்த ஜுனைதாவுக்கு ஒரு எழுத்துகூட விளங்கவில்லை. "என்ன மச்சான்? என்ன வேணும்?" என்று கேட்டாள். அவர் அவளைத் தாண்டி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு யாரோ பதில் சொன்னதுபோலத் தலையை ஆட்டினார்.

மறுநாளும் அதே ஒரு மணிக்குப் பேசினார். அதற்கடுத்த நாளும்.

ஹமீதின் தம்பி பாக்கர் படகு இன்ஜின் மெக்கானிக். எந்தக் கோளாறாக இருந்தாலும் சத்தத்தை வைத்தே கண்டுபிடிப்பவன் என்று ஊரில் பேர். அண்ணன் பேச்சை ஒரு நாள் முழுக்கக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "மயினி, ஹிந்தி, ஹிந்திங்கிறாக. நம்மள ஹிந்தியில பேசச் சொல்றாக போல" என்றான். பம்பாயில் பதினைந்து வருடம் டீக்கடை வைத்திருந்த முஹைதீனைக் கூட்டி வந்தான். முஹைதீன் கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு அரை மணி நேரம் ஹிந்தியில் விசாரித்தார். எழுந்து வெளியே வந்தபோது நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது.

"இது ஹிந்தி இல்லப்பா. அதுவுமில்லாம, நான் கேட்டா அவுக எனக்குப் பின்னாடி நிக்கிற ஆளப் பாத்துப் பதில் சொல்றாக."

அவருக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது.

"அப்ப இது மனுசப் பேச்சே இல்ல மயினி" என்றான் பாக்கர், குரலைத் தாழ்த்தி. "ஏர்வாடிக்குக் கொண்டுபோய்க் காட்டிருவோம்."

ஜுனைதாவின் கவலை வேறு. ஹமீது சாப்பிடவில்லை. கஞ்சியை ஸ்பூனில் கொண்டுபோனால் உதட்டை இறுக்கிக்கொண்டார்; நாளுக்கு நாலைந்து வாய் இளநீர் இறங்கினால் பெரிது. எழுபத்தொரு கிலோ இருந்தவர் அறுபதுக்கு வந்துவிட்டார். ராமநாதபுரத்தில் டாக்டர் பரிசோதித்துவிட்டு, "முழுங்குறதுல ஒரு கோளாறும் இல்லம்மா. அவருதான் சாப்பிட மாட்டேங்கிறாரு" என்றார். பத்து நாள் கெடு கொடுத்தார். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள் வாயால் சாப்பிட ஆரம்பிக்கவில்லை என்றால், மூக்கு வழியாகக் குழாய்.

அன்று மத்தியானமும் ஹமீது பேசினார். ஜுனைதா கையில் கஞ்சிக் கிண்ணத்துடன் நின்றுகொண்டிருந்தாள். "காயின் நா தாயோ" என்றது காதில் விழுந்தது. கிண்ணத்தைக் கீழே வைத்தாள். இதை அவள் முன்பே கேட்டிருக்கிறாள். எத்தனையோ வருடம், எத்தனையோ மத்தியானம், போனில் ஹமீதின் குரலுக்குப் பின்னால் யாரோ இதைத்தான் கத்துவார்கள். உடனே அவர், "சரி புள்ள, வச்சிடுறேன்" என்பார்.

"மின்ஹா, வாப்பா கூட அந்தக் கப்பல் இழுக்குற டக்போட்டுல வேலை பாத்தவங்க எந்த நாட்டாளுக?"

"எல்லாம் பிலிப்பைன்ஸ்காரங்கம்மா. ஏழு பேரு. வாப்பா ஒருத்தர்தான் நம்மாளு."

ஜுனைதா அப்போதே டாக்டருக்குப் போன் போடச் சொன்னாள். இப்படி நடப்பது உண்டு என்றார் அவர். அடிபட்ட மூளை, அதிகம் புழங்கிய பாஷையை முதலில் எடுத்துக் கொடுக்கும். பதினோரு வருடம் ராப்பகலாக அவர் புழங்கியது பிலிப்பைன்ஸ்காரர்களின் தகலாக்.

அன்று சாயங்காலமே படிப்பு தொடங்கியது. மின்ஹா செல்போனில் பாடங்களைத் தேடிப் போட, ஜுனைதா பாத்திரம் துலக்கியபடியே திருப்பிச் சொன்னாள். கமுஸ்தா கா, எப்படி இருக்கிறாய். துபிக், தண்ணீர். குத்தோம் கா பா, பசிக்கிறதா. நன்றிக்கு சலாமத். அந்த ஒரு வார்த்தை மட்டும் ஏற்கெனவே தெரிந்த ஆள்போல இருந்தது. ஹிந்தி என்றால் இல்லை என்று அர்த்தம் என்றதும் பாக்கரே சிரித்துவிட்டான். "முஹைதீன் காக்கா அரை மணி நேரம் பேசுனதுக்கு, இல்ல இல்லன்னா சொல்லிக்கிட்டு இருந்தாக!"

வினைச்சொல்தான் தகராறு பண்ணியது. காயின் என்றால் சாப்பாடு. சாப்பிட்டாயிற்று என்றால் குமாயின், சாப்பிட்டுக்கொண்டிருந்தால் குமகாயின், இனிமேல்தான் என்றால் ககாயின். மின்ஹா காலண்டர் தாளின் பின்பக்கத்தில் மூன்று கட்டம் போட்டு எழுதினாள். ஜுனைதா அதை மாவு டப்பா மேல் ஒட்டி வைத்துப் பார்த்தாள்.

"நாம வார்த்தையோட வாலைப் பிடிச்சுத் திருப்புறோம். இவுக தலையைப் பிடிச்சுத் திருப்புறாக" என்றாள். அதன்பிறகு வேகமாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை தம்ளரை நீட்டி, "துபிக்?" என்று கேட்டாள். ஐந்து வாரத்தில் முதல்முறையாக ஹமீது அவள் முகத்தைப் பார்த்தார். "ஓஓ" என்றார். ஆமாம். முழுத் தம்ளரும் குடித்தார். ஜுனைதா தம்ளரை வாங்கி வைத்தாள். "குத்தோம் கா பா?"

"ஓஓ."

"காயின் நா தாயோ." வா, சாப்பிடலாம்.

ஹமீது தலையசைத்து மறுத்தார். "ஹிந்தி பா. வலா பா சி நெஸ்தோர்." பிறகு வாசலைப் பார்த்து, "தரத்திங்."

மின்ஹா வார்த்தை வார்த்தையாகத் தேடினாள். இன்னும் இல்லை. நெஸ்தோர் இன்னும் வரவில்லை. வருவான்.

ஹமீதின் போனில் நெஸ்தோர் என்று யாரும் இல்லை. டக்போட்டு ரோமெல் என்று ஒரு எண் இருந்தது. மின்ஹா ஆங்கிலத்தில் பேசினாள். அந்தப் பக்கம் ஒரு வயதான குரல் முதலில் ஹமீதை விசாரித்து அழுதது, நெஸ்தோர் என்ற பெயரைக் கேட்டதும் அடங்கிவிட்டது. அப்புறம் மெதுவாகச் சொன்னது.

டக்போட்டில் ஹமீது சமையல்காரர். நாலு பேருக்கு ஒரு பெரிய தட்டு என்று அவர்தான் பழக்கிவிட்டாராம். எங்கள் ஊரில் இதற்கு சஹன் என்று பெயர், நாலு பேரும் உட்காராமல் யாரும் கை வைக்கக்கூடாது என்பாராம். அந்த விதியை அத்தனை பேரும் கட்டிக் காத்தார்கள், ஒரே ஒரு நாள் தவிர. 2017இல் ஒரு மத்தியானம், அவசரமாக ஒரு சரக்குப் பார்ஜை இழுக்கக் கிளம்ப வேண்டியிருந்தது. ஹமீதின் சஹனில் நெஸ்தோரைக் காணோம். "ஆரம்பிங்க, வருவான்" என்று ஹமீதே சொன்னார். சாப்பிட்டார்கள், சிரித்தார்கள். அந்த நேரம் நெஸ்தோர் டக்கிற்கும் பார்ஜிற்கும் நடுவே தண்ணீரில் கிடந்தான். தட்டு காலியான பிறகுதான் தேடினார்கள்; பிணமாகத்தான் எடுத்தார்கள்.

அந்த வாரம் ஹமீது தன்னிடம் போனில் என்ன பேசினார் என்று ஜுனைதா யோசித்துப் பார்த்தாள். ஃபிரிட்ஜ் வாங்குவது பற்றிப் பேசியிருந்தார்கள்.

திங்களும் செவ்வாயும் ஹமீது தண்ணீர் மட்டும் குடித்தார். ஜுனைதா கேட்கும்போதெல்லாம் தரத்திங் என்றார், வருவான். புதன்கிழமை மத்தியானம் வார்த்தை மாறியது. "துமரத்திங்" என்றார். மின்ஹா கையிலிருந்த தாளில் விரல் வைத்துத் தேடிவிட்டு உம்மாவைப் பார்த்தாள்.

"வந்துக்கிட்டு இருக்கானாம்மா."

பாக்கர் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினான். ஹமீது கத்திய கத்தலில் மறுபடி திறந்துவைத்தான். வெளியே வெள்ளை வெயில், எதிர்வீட்டுச் சுவர், காயப்போட்ட ஒரு வலை. அதைத் தாண்டி ஹமீதின் பார்வை எதையோ அளந்துகொண்டு மெதுவாக நகர்ந்து வந்தது, நடந்து வரும் ஆளைப் பார்ப்பதுபோல.

"மயினி, சொல்றதக் கேளுங்க. நாளைக்கே ஏர்வாடிக்குப் போயிருவோம்."

"வெள்ளிக்கெழம வரைக்கும் எனக்குக் கெடு இருக்கு தம்பி" என்றாள் ஜுனைதா.

வியாழன் ஒரு மணிக்கு ஹமீது சிரித்தார். விழுந்த நாளிலிருந்து அவர் சிரித்ததில்லை. "துமத்திங் நா." இதற்குத் தாளைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. வந்துவிட்டான். வாசற்படியிலிருந்து கட்டில் வரை அவர் கண்கள் ஒருவரைக் கூட்டி வந்தன. கட்டிலருகே தரையில் வந்து நின்றன.

ஜுனைதா பரணிலிருந்து சஹனை இறக்கினாள். பாக்கரின் கல்யாணத்துக்குப் பிறகு எடுக்காத தட்டு. கழுவித் துடைத்து, சோறு கொட்டி, மீனாணம் ஊற்றி, தரையில் பாய் விரித்து நடுவில் வைத்தாள். பாக்கர் அண்ணனைத் தூக்கிச் சுவரோடு சாய்த்து உட்கார வைத்தான். ஆம்பளைகள் சஹனில் அவள் இதுவரை உட்கார்ந்ததில்லை. இன்று அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். அவருடைய இடது பக்கத்தில் மின்ஹா வந்து குந்தப் போனாள்.

"ஹிந்தி" என்றார் ஹமீது, மெதுவாகவே. "மய் தாவோ தியான்."

அங்கே ஆள் இருக்கிறது. இந்த வாக்கியத்தைப் பேருந்து இருக்கைப் பாடத்தில் படித்திருந்தார்கள். மின்ஹா சுட்டதுபோல நகர்ந்து வாசற்படிக்குப் போய்விட்டாள். பாக்கர் அவளுக்கும் அப்பால், முற்றத்தில் நின்றான்.

ஜுனைதா அந்தக் காலி இடத்தைப் பார்த்தாள். பாய் அங்கே லேசாக மடிந்திருந்தது. பிஸ்மி சொன்னாள். பிறகு இருவருக்கும் பொதுவாகச் சொன்னாள்: "காயின் நா தாயோ."

ஹமீது வாய் திறந்தார். ஒரு பிடி, இரண்டு பிடி. முள் எடுத்த மீனை அவள் ஊட்ட ஊட்டச் சாப்பிட்டார். நடுவில் இடது பக்கம் திரும்பி ஏதோ சொன்னார், காத்திருந்தார், சிரித்தார். அவளுக்குப் பாதி விளங்கியது. "நீ வருவாய் என்றேன்" என்று அவர் யாரிடமோ திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். பதில் என்ன வந்ததோ, அதைக் கேட்டபின் முகம் தளர்ந்தது. ஒன்பது பிடி சாப்பிட்டு, "சலாமத்" என்று முடித்தார். கொஞ்ச நேரத்தில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார்.

சஹனை எடுக்கக் குனிந்த மின்ஹா அப்படியே நின்றாள். உம்மா பக்கம் சோற்றில் பள்ளம் இருந்தது, அவள் வாப்பாவுக்கு எடுத்து ஊட்டிய இடம். இடது பக்கமும் ஒரு பள்ளம் இருந்தது. சின்னது, நாலு விரல் பதிந்தது. வாப்பாவின் வலது கை மடியில் கிடந்தது. இடது கையால் உணவைத் தொடுகிறவர் இல்லை அவர். அந்தக் கையில் சோற்றுப் பருக்கையும் இல்லை.

"உம்மா. இந்தப் பக்கம் யாரு எடுத்தா?"

"சாப்புட வந்தவுக எடுத்தாக" என்றாள் ஜுனைதா. "தட்டக் கழுவிக் கவுத்து வையி. நாளைக்கும் வேணும்."

வெள்ளிக்கிழமை டாக்டர் எடை பார்த்தார். வாயால் சாப்பிட ஆரம்பித்ததைக் கேட்டுக் குழாய் வேண்டாம் என்றார். மதுரையில் பேச்சுப் பயிற்சிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அது அடுத்த மாதம் மூன்றாம் தேதி தொடங்குகிறது. பயிற்சி தமிழில்தான் நடக்கும். நெஸ்தோருக்குத் தமிழ் தெரியாது.