சுருட்டையின் மைக்

சுருட்டைக்கு இப்போது தலையில் பேருக்குக்கூட முடி கிடையாது. ஆனாலும் அவன் சுருட்டைதான். வாஷிங் மெஷின் ரிப்பேருக்கு எந்த வீட்டுக்குப் போனாலும், கதவைத் திறக்கும் அம்மாள் ஒரு நிமிடம் அவன் முகத்தையே உற்றுப் பார்ப்பாள். பிறகு ஈரக் கையோடு, "ஐயையோ! நீங்க 'நாலு பேர்' சுருட்டை இல்ல?" என்று ஒரு கத்து கத்துவாள். அப்புறம் எங்கே மெஷினைப் பார்ப்பது? பக்கத்து வீடு, எதிர்வீடு எல்லாம் திரண்டு வந்துவிடும். மெஷினுக்குள் தலையை விட்டபடியே கேட்கிற கேள்விக்கெல்லாம் சளைக்காமல் பதில் சொல்வான். "ஒரு வரி பாடிக் காட்டுங்களேன்" என்றால் மட்டும், "பெல்ட்டு தேஞ்சிருக்கும்மா, மாத்தணும்" என்று பேச்சைத் திருப்பிவிடுவான்.

ஏன் என்று கேட்கிறீர்களா? அதற்கு டயர் கடையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

சுருட்டையின் கூட்டாளி நெட்டையின் அப்பாவுக்கு டயர் கடை. பின்பக்கம் பழைய டயர் அடுக்கிய கொட்டகை. கல்லூரிக்கு மட்டம் போட்டுவிட்டு நான்கு பேரும் அங்கேதான் கிடப்பார்கள். நெட்டை மெட்டுப் போடுவான், கீபோர்டு வாசிப்பான். சுருதி இம்மி பிசகினாலும் அடிக்கவே வந்துவிடுவான். பல்லன் வாயைத் திறந்தால் அந்தப் பல்லெல்லாம் யார் கண்ணுக்கும் தெரியாது, அப்படியொரு குரல். குளிக்கும்போதுகூடத் தொப்பியைக் கழற்றுவானா என்று தெரியாத தொப்பி, பாட்டு எழுதுவான். சுருட்டை ஆடுவான். ஆட்டமென்றால் ஆட்டம்! அடுக்கிய டயர்மேல் நின்று ஆடுவான். "நாலு பேர் பாத்தா என்னடா சொல்வாங்க?" என்று டயர் கடைக்காரர் தினமும் கத்திக் கத்தி ஓய்ந்தார். பையன்கள் அதிலிருந்த 'நாலு பேர்' என்பதையே குழுவுக்குப் பெயராக வைத்துவிட்டார்கள். மனிதர் தலையில் அடித்துக்கொண்டார்.

முதல் பாட்டு டிவியில் வந்ததுதான் தாமதம், பிய்த்துக்கொண்டு போனது. பஸ்ஸில் அதே பாட்டு, டீக்கடையில் அதே பாட்டு, பல் டாக்டர் வீட்டு வாசலிலும் அதே பாட்டு! நேர்முடிப் பையன்களெல்லாம் முடியைச் சுருட்டச் சொல்லி முடிவெட்டுபவர் உயிரை வாங்கினார்கள். பாட்டின் நடுவே சுருட்டைக்கென்றே ஒரு வரி உண்டு: "எட்டிப் பாரேன், கீழ நிக்கிறேன்." மேடையில் அந்த இடம் வந்ததும் கண்ணை மூடி மைக்கை வாயருகே கொண்டுபோவான். அவ்வளவுதான், பெண்கள் போடும் கூச்சலில் இடி விழுந்தாலும் கேட்காது. கேசட்டில் தன் குரலைக் கேட்கும்போதெல்லாம், 'நமக்குள்ள இப்படியொரு குரலா!' என்று அவன் பூரித்துப்போவான். கால் தரையில் பாவவில்லை.

ஒருநாள் பெரிய மைதானத்தில் நிகழ்ச்சி. கூட்டம் முண்டியடித்துக்கொண்டு முன்னால் வந்தது. தடுப்புக் கம்பியில் ஒரு சிறு பெண் நசுங்கிக்கொண்டிருந்ததைச் சுருட்டை பார்த்துவிட்டான். ஆட்டத்தை நிறுத்தி, "தள்ளாதீங்க! பின்னால போங்க!" என்று மைக்கில் அலறினான். சத்தமே வரவில்லை. தட்டினான், மறுபடி அலறினான், ஊஹூம். பல்லன் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கிக் கத்திய பிறகுதான் கூட்டம் விலகியது. அந்தப் பெண் தப்பித்தாள். அதுவரைக்கும் நல்லது.

மேடைக்குப் பின்னால் வந்ததும், "என் மைக்குக்கு என்னடா கேடு?" என்று எரிந்து விழுந்தான்.

பதட்டத்தில் நெட்டை வாய் தவறி உளறிவிட்டான். "அது எப்பவும் ஆஃப்லதானேடா இருக்கும்."

மூன்று பேர் முகத்திலும் ஈயாடவில்லை. ஆரம்பத்திலிருந்தே அப்படித்தானாம். ஆடினால் போதும், பாட வேண்டாம் என்று குழுவின் மேனேஜர் சொல்லிவிட்டாராம். கேசட்டில் கேட்ட குரல் பல்லனுடையதாம்! மேனேஜர் செய்ததைக்கூட அவன் பொறுத்திருப்பான். ஒரே தட்டில் சாப்பிட்டு, ஒரே அறையில் படுத்து, தினமும் "இன்னைக்கு நல்லாப் பாடினேடா" என்று தோளில் தட்டிய இந்தப் பாவிகள்? மைக்கை விட்டெறிந்துவிட்டு நடந்தவன் திரும்பிப் பார்க்கவில்லை. சுருட்டை இல்லாத மேடைக்குக் கூட்டம் வரவில்லை. குழுவும் கலைந்தது.

அதற்குப் பிறகு அவன் குளியலறையில்கூடப் பாடியதில்லை. மகள் பிறந்தபோது தாலாட்டும் பாடவில்லை, தோளில் போட்டு ஆடியே தூங்க வைத்தான். துரோகம் ஒரு பக்கம் உறுத்தியது. அதைவிட, 'ஒருவேளை நமக்குப் பாடவே வராதோ?' என்ற கேள்விதான் உள்ளே கிடந்து அரித்தது.

மகள் வேலைக்குப் போகும் வயதுக்கு வந்த பிறகு, ஒருநாள் பல்லன் போன் செய்தான். 'நாலு பேர்' மறுபடி மேடையேற வேண்டுமென்று ஒருவர் துரத்திக்கொண்டிருக்கிறாராம்.

"வர்றேன். ஆனா என் மைக்கு ஆன்ல இருக்கணும்."

"சத்தியமா இருக்கும்டா!" என்றான் பல்லன். "உங்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்னு எத்தனை தடவை உன் தெரு முனை வரைக்கும் வந்து திரும்பிப் போயிருக்கேன் தெரியுமா?"

"தெரு முனை வரைக்கும் வந்தவனுக்கு வீடு வரைக்கும் வரத் தெரியலையா, பரதேசி!" என்று திட்டினான் சுருட்டை. திட்டி முடிப்பதற்குள் அவனுக்கே அழுகை வந்துவிட்டது.

ஒத்திகை அதே டயர் கொட்டகையில். மைக்கை ஆன் செய்து அவன் கையிலேயே கொடுத்தார்கள். தன் வரியைப் பாடினான். ஸ்பீக்கரில் தன் குரலை முதன்முதலாகக் கேட்டான். ஐயோ! பாட்டு ஒரு வழி, அவன் ஒரு வழி.

"டேய்... நான் இப்படித்தான் பாடுவேனா?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இந்தமுறை பொய் சொல்லக்கூடாதல்லவா?

"அப்ப இதைவிட மோசம்டா," என்றான் நெட்டை. "இப்ப எவ்வளவோ தேவலை."

தொப்பிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சுருட்டையும் சேர்ந்துதான் சிரித்தான். ஆனால் வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தான்.

"மைக்கை ஆஃப் பண்ணச் சொல்லிடலாம்னு பாக்கறேன்," என்றான் மனைவியிடம். "ஊரே சிரிக்கும்."

"ஊர்ல இருக்கற மெஷின் சத்தத்தையெல்லாம் நீங்கதானே கேக்கறீங்க? உங்க சத்தத்தை ஊரு ஒருநாள் கேட்டா குறைஞ்சா போயிடும்? சாப்பிடுங்க முதல்ல," என்றாள் அவள்.

நிகழ்ச்சியன்று அரங்கம் நிரம்பி வழிந்தது. அன்றைக்குக் கத்திய பெண்களெல்லாம் மூக்குக்கண்ணாடியோடும் மூட்டுவலியோடும் வந்து, அதே கத்தல் கத்தினார்கள்! விளக்கு அவன்மேல் விழுந்ததும் சுருட்டையின் உடம்புக்கு வயதே மறந்துபோனது. சுழன்று ஆடினான், எகிறிக் குதித்தான், வழுக்கைத் தலையைத் தடவிக் காட்டினான். கூரை பிய்த்துக்கொண்டு போகும்போல இருந்தது. அவனுடைய இடம் வந்தது. அவனே மைக்கைத் தட்டிப் பார்த்தான். 'டொக்' என்று கேட்டது. கண்ணை மூடிக்கொண்டு பாடினான்.

"எட்டிப் பாரேன்..."

சுருதி சேரவில்லை. பக்கத்தில்கூட இல்லை. முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தது காதில் விழுந்தது. மைக்கை இறக்கிவிடலாமா? கை பாதி இறங்கியும்விட்டது.

அப்போது இசை நின்றது. கண்ணைத் திறந்தான். நெட்டை கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு வந்து அவன் பக்கத்தில் நின்றான். அவன் பாடிய அந்தக் கோணல் சுருதியிலேயே, "எட்டிப் பாரேன்" என்று எடுத்தான். சுருதிக்காக அடிக்க வந்த நெட்டை! பல்லன் வந்து சேர்ந்துகொண்டான். தொப்பியும் வந்தான். 'கீழ நிக்கிறேன்' என்ற இடத்தில் சுருட்டை இன்னும் கீழே நழுவினான். மூவரும் கூடவே நழுவினார்கள். அவன் எங்கெங்கே போனானோ, விட்டுவிடாமல் பின்னாலேயே போனார்கள். கொஞ்ச நேரத்தில் அரங்கமே அந்தக் கோணல் சுருதியைப் பிடித்துக்கொண்டு பாட ஆரம்பித்தது. சுருட்டைக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. பாட்டை விடவில்லை, மைக்கையும் இறக்கவில்லை.

முடிந்ததும் மகள் மேடைக்குப் பின்னால் ஓடி வந்தாள். வியர்வையில் தொப்பலாக நனைந்து நின்றவன் முதலில் கேட்டது இதைத்தான்: "எப்படிம்மா இருந்துச்சு?"

"உண்மையச் சொல்லட்டுமாப்பா?"

"சொல்லு."

"கண்றாவியாப் பாடினே." அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "நான் கடைசி வரிசையில உக்காந்திருந்தேன். அவ்வளவு நல்லாக் கேட்டுச்சுப்பா."