கூர்னேயில் மாற்றிய மூன்று டயர்கள்

சனிக்கிழமை, காலை 6.10. வில்லியே லே பெல்லில் எங்கள் தொடர்மாடிக்குப் பின்னாலிருந்து புறப்பட்டோம். காரை என் கணவர் சிவநேசன் ஓட்டினார். காருக்குப் பின்னால் எங்கள் கரவான். கட்டில், அடுப்பு, அலுமாரி எல்லாவற்றையும் உள்ளே வைத்து இரண்டு சில்லில் இழுத்துக்கொண்டு போகும் சின்ன வீடு அது. மே மாதத்தில், கிறே பக்கத்தில் ஓய்வுபெற்ற ஒரு தம்பதியிடம் 3,800 யூரோவுக்கு வாங்கினோம். "வருசத்துக்கு ஒருக்கா கடலுக்குப் போய் வந்ததுதான், டயரெல்லாம் ஓடவே இல்லை" என்று அந்த மனிதர் சொன்னது இவருக்கு வேதவாக்கு.

போகவேண்டிய இடம் நோர்மண்டிக் கரையிலுள்ள தியெப், ஏறக்குறைய 175 கிலோமீட்டர். இவர் பரீஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பேலில் ஓர் உணவகத்தில் தலைமைச் சமையல்காரர். பதினொரு வருடத்தில் முதல் தடவையாக ஒரே தொடரில் ஆறு நாள் லீவு கிடைத்திருந்தது. நான் அங்கேயே பக்கத்துத் தெருவான ரூ லூயி-பிளாங்கில் ஒரு தொலைபேசிக் கடையில் வேலை செய்கிறேன். எனக்கும் அதே ஆறு நாள்.

காலை 7.00. தியெப்புக்குப் போக பரீஸுக்குள் வரவேண்டிய அவசியமே இல்லை. இவருடைய தங்கை பவானி அங்கே ஸ்டாலின்கிராட் மெத்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்திருக்கிறாள், அவளை ஏற்றவேண்டும் என்பது சொன்ன காரணம். அவள் ரயிலில் எங்களிடம் வந்திருக்கலாம். கரவானைத் தெருவுக்குக் காட்டவேண்டும் என்பதுதான் உள்ளே இருந்த காரணம். ரூ லூயி-பிளாங்கில் சாமான் இறக்கும் இடத்தில் நிறுத்தியதும் கடை திறக்க வந்தவர்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். ஒருவர் ஏறிக் கட்டிலில் படுத்துப் பார்த்தார். "அண்ணை, இது என்ர அறையை விடப் பெரிசு. வாடகைக்குத் தாறீங்களோ?" என்றார். மரக்கறிக்கடைக்காரர் ஒரு சீப்பு வாழைப்பழமும் நாலு தேசிக்காயும் கொண்டு வந்தார். "முதல் பயணம். சில்லுக்குக் கீழ வைச்சு நசிச்சுப்போட்டுப் போங்கோ."

தேசிக்காயை வைக்க, அதற்குள் வந்து சேர்ந்திருந்த பவானிதான் குனிந்தாள். ஒட்டுசுட்டானில் பத்து வருடம் உழவு மெசினும் அதன் பின்னால் கொழுவி இழுக்கும் பெட்டியும் வைத்து, நெல் ஏற்றும் காலத்தில் தானே ஓட்டிக் கூலிக்கு விட்டவள். பிரான்சுக்கு வந்து ஒன்றரை வருடம், விசா அட்டை கிடைத்து நான்கு மாதம். உணவகம் ஒன்றின் பின்பக்கத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள். குனிந்தவள் எழும்பவில்லை. தெருவிலே முழங்காலில் இருந்து டயரின் பக்கத்தை விரலால் தடவினாள்.

"அண்ணை, இஞ்சை வாங்கோ. டயரின்ர பக்கமெல்லாம் வெடிப்பு விட்டிருக்கு."

"அது ஊத்தை. மேல பார், வரியெல்லாம் புதுசு மாதிரிக் கிடக்கு."

"வரி தேயேல்லைத்தான். ரப்பர் செத்துப்போச்சு. பெட்டி டயர் ஓடித் தேயுறதில்லை, நிண்டுதான் பழுதாகிறது. மாத்திப்போட்டுப் போவம்."

சுற்றி நின்றவர்கள் இரண்டு கட்சியானார்கள். இவருக்கு முகம் சிவந்தது. அத்தனை பேருக்கு முன்னால், தான் பார்த்து வாங்கிய வண்டியை! "ஆறு நாளிலை ஒண்டை கராச்சிலை விடச் சொல்லுறியோ?" என்றார். பவானி என்னைப் பார்த்தாள். நான் என்ன சொன்னேன் என்று இப்போது எழுதக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. "போவம், வந்து மாத்துவம்" என்றேன். எனக்குக் கடல் வேண்டியிருந்தது.

"அப்ப ஒண்டு செய்யுங்கோ. தொண்ணூறுக்கு மேல ஓடாதேங்கோ. ஐம்பது கிலோமீட்டருக்கு ஒருக்கா நிப்பாட்டுங்கோ, நான் தொட்டுப் பாக்கிறன்" என்றாள். அதற்கு இவர் ஒத்துக்கொண்டார். தேசிக்காய்கள் நசிந்தன, எல்லாரும் கைதட்டினார்கள், நாங்கள் போனோம்.

9.20. பொந்துவாஸ் தாண்டி மரீன் என்ற சிற்றூரில் முதல் தரிப்பு. கோதுமை வயல்கள் பழுத்துக் கிடந்தன. பவானி இறங்கி இரண்டு டயரிலும் புறங்கையை வைத்தாள். "இடப்பக்கம் கூடச் சுடுகுது." காற்று சரியாக இருந்தது, காலையில் புறப்படமுன், டயர் குளிர்ந்திருந்தபோதே அளந்திருந்தோம். "வெயில் அந்தப் பக்கம்" என்றார் இவர். வெயில் அடித்தது மற்றப் பக்கம்.

10.05. கிசோர் கடந்து எட்டாவது கிலோமீட்டரில் பவானி மறுபடி நிறுத்தச் சொன்னாள். ஐம்பது ஆகவில்லைத்தான். "பின்னுக்கு ஆடுது, அண்ணை. எனக்கு இருக்கிற சீற்றிலையே தெரியுது." இவர் பெருமூச்சுவிட்டு ஒரு வயல் வாசலில் ஒதுக்கினார். இடப்பக்க டயரின் உட்புறத்தில், வெளியே நின்றால் தெரியாத இடத்தில், ஒரு கொய்யாப்பழம் அளவுக்கு வீக்கம். இவர் குனிந்து பார்த்தார். பிறகு புல்லில் உட்கார்ந்துவிட்டார். அந்த வீதியில் பெரிய லொறிகள் எதிரே வந்துகொண்டிருந்தன. டயர் வெடித்திருந்தால் கரவான் எங்களை எந்தப் பக்கம் இழுத்திருக்கும் என்று மூன்று பேரும் யோசித்தோம்.

"பிழை என்ரைதான்" என்றார் இவர்.

"சரி, எழும்புங்கோ. ஜக்கை எடுங்கோ" என்றாள் பவானி.

மேலதிக டயரும் அதே வயதுக் கிழம். வெடிப்பு இருந்தது, வீக்கம் இல்லை. அதை மாட்டிக்கொண்டு நாற்பதில் ஊர்ந்தோம். எங்களை முந்திப்போன ஒவ்வொருவரும் ஹோர்ன் அடித்தார்கள்.

11.35. கூர்னே-ஆன்-பிறே. பசுக்களுக்கும் பாற்கட்டிக்கும் பெயர்போன சிறு நகரம். ஊர் ஓரத்தில் ஒரு டயர் கராச். சனிக்கிழமை பன்னிரண்டுக்கு மூடுவார்கள். நடத்துகிறவர் ஐம்பத்தைந்து வயதுப் பெண்மணி, நீல மேலங்கி, கையெல்லாம் கரி. நாங்கள் அவரை மதாம் என்றே கூப்பிட்டோம். அவர் டயரின் பக்கத்தைத் துணியால் துடைத்து, சின்ன வட்டத்துக்குள் இருந்த நாலு இலக்கத்தைக் காட்டினார்: 1213.

"முதல் இரண்டும் வாரம், கடைசி இரண்டும் வருடம். 2013இல் பன்னிரண்டாம் வாரம் செய்தது. கரவான் டயருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்கக்கூடாது, எத்தனை வயது என்று கேட்கவேண்டும். ஐந்து வயதிலிருந்து வருடத்துக்கு ஒருதடவை நல்லாகப் பாருங்கள். ஆறு, ஏழில் மாற்றுவது புத்தி. பத்தைத் தாண்டினால் என் கராச்சிலிருந்து வெளியே விடமாட்டேன்."

ஒரே இடத்தில் மாதக்கணக்கில் பாரத்தோடு நிற்பதும், வெயிலும்தான் டயரைக் கொல்கின்றன என்றார். குளிர்காலத்தில் சில்லை மூடி வைக்கவேண்டும், இடைக்கிடை வண்டியைக் கொஞ்சம் நகர்த்தி வைக்கவேண்டும், மேலதிக டயரின் வயதையும் மறக்காமல் பார்க்கவேண்டும். நான் தமிழில் சொல்லச் சொல்ல, பவானி ஒவ்வொன்றுக்கும் "ஓம், ஓம்" என்று தலையாட்டினாள். இவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பாரம் தாங்கும் அந்த அளவு டயர் கராச்சில் ஒன்றுதான் இருந்தது. மற்ற இரண்டும் திங்கட்கிழமை றுவோனிலிருந்து வரும். ஒன்று 88 யூரோ. இரண்டு நாள் போய்விட்டது! எனக்குக் கண் கலங்கியது. மதாம் அதைக் கண்டிருக்கவேண்டும். "பின்னால் என் அப்பிள் தோட்டம் இருக்கிறது. தண்ணீர்க்குழாயும் உண்டு. நிறுத்துங்கள்" என்றார்.

ஞாயிறு, மதியம் 12.30. அப்பிள் மரங்களுக்குக் கீழே ஒரு நீண்ட பலகையைப் போட்டு மேசையாக்கினோம். இவர் காலை எட்டு மணிக்கே அடுப்பில் நின்றார். கோழிக்கறி, புட்டு, கத்தரிக்காய்ப் பால்கறி, மாங்காய்ச் சம்பல். உணவகத்தில் ஆறு நிமிடத்துக்கு ஒரு சாப்பாட்டுக் கோப்பை அனுப்புகிற மனிதர், அன்று ஒரு கறிக்கு இரண்டு மணித்தியாலம் எடுத்தார், பாட்டுப் பாடிக்கொண்டு. மதாம் தன் கணவரோடும் இரண்டு போத்தல் அப்பிள் மதுவோடும் வந்தார். கறியின் முதல் வாயில் இருமி, இரண்டாம் வாயில் மூக்கைத் துடைத்து, மூன்றாம் தடவை இன்னும் கறி கேட்டுக் கோப்பையை நீட்டினார். புட்டைக் கையால் குழைத்துச் சாப்பிடப் பவானி காட்டிக்கொடுத்தாள். மதாம் கரி போகாத விரல்களால் குழைத்தார். கதையும் சிரிப்புமாக நாலரை வரை இருந்தோம். தொடர்ந்து நாலு மணித்தியாலம் உட்கார்ந்தபடி இவர் சாப்பிட்டதை நான் அதற்குமுன் கண்டதில்லை.

திங்கள், காலை 9.40. டயர்கள் வந்தன. இலக்கத்தை முதலில் இவர்தான் படித்தார். மூன்றும் அந்த வருடத்தில் செய்தவை. மதாம் முதலாவதை மாட்டினார். இரண்டாவதுக்கு வந்தபோது, பக்கத்தில் நின்ற பவானியிடம் நட்டு இறுக்கும் சாவியை நீட்டினார். பவானி நட்டுக்களை வட்டமாக இறுக்கவில்லை; தொழில் தெரிந்தவர்கள் செய்வதுபோல ஒன்றுக்கு எதிரே ஒன்றாக இறுக்கினாள். மதாம் என்னைத் திரும்பிப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

12.15. தியெப். கடற்கரையில் மணல் இல்லை, உருண்டைக் கற்கள். தண்ணீர் ஐஸ். முகாமிடம் ஒரு இரவுக்கு 29 யூரோ. இரண்டு முழு நாளும் ஒரு அரை நாளும் கடல் எங்களுடையதாக இருந்தது. இவர் கால்சட்டையை மடித்துக்கொண்டு முழங்கால் வரை நின்றார். அலை வந்தபோதெல்லாம் சின்னப் பிள்ளை மாதிரிக் கத்தினார்.

வியாழன், காலை 11.00. திரும்பும் வழியில் கூர்னேயில் நிறுத்தினோம். நூறு கிலோமீட்டருக்குள் நட்டுக்களை ஒருதடவை இறுக்கிப் பார்க்கவேண்டும் என்று மதாம் சொல்லியிருந்தார். பவானி அதைத் தியெப்பிலேயே செய்துவிட்டாள். நாங்கள் போனது விடைபெறத்தான். அங்கே ஒரு விவசாயி, வைக்கோல் ஏற்றிய பெட்டியோடு டயர் காற்றுப்போய் நின்றார். மதாம் ஒற்றை ஆளாக ஓடிக்கொண்டிருந்தார். பவானி யாரிடமும் கேட்கவில்லை. சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு ஜக்கை இழுத்தாள். விவசாயி பெட்டியோடு வெளியேறும்போது மணி 11.25.

மதாம் கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "உங்கள் மச்சாள் செப்டம்பரில் இரண்டு வாரம் இங்கே வேலை செய்து பார்க்கட்டும். பிடித்தால் ஒப்பந்தம் எழுதுவேன். மேல்மாடியில் ஓர் அறை சும்மா கிடக்கிறது. கேளுங்கள்."

நான் கேட்டேன். பவானி தன் அண்ணனைப் பார்த்தாள். "என்னைப் பாக்காதை" என்றார் இவர். "டயர் விசயத்திலை நான் சொல்லுறதைக் கேட்டால் என்ன நடக்குமெண்டு கண்டனிதானே." அவள் சிரித்துவிட்டாள். ஒன்றரை வருடத்தில் அப்படி அவள் சிரித்ததை நான் கேட்டதில்லை. "ஓம் எண்டு சொல்லுங்கோ, மச்சாள்" என்றாள்.

வில்லியே லே பெல்லில் எங்கள் ஜன்னலுக்கு வெளியே வேறு ஜன்னல்கள்தான் தெரியும். லா ஷப்பேலில் எங்கள் ஆட்கள் இருக்கிறார்கள், எங்கள் சாப்பாடு இருக்கிறது. அதனாலேயே பல வருடம் அதற்கு வெளியே எங்களுக்கு ஓர் இடம் இருக்கும் என்று நினைத்ததில்லை. இப்போது அப்பிள் மரங்களுக்குக் கீழே ஒன்று இருக்கிறது.

கிசோர் தாண்டியதும் பின் ஆசனத்திலிருந்து பவானி கேட்டாள்: "மச்சாள், டயருக்கு பிரெஞ்சிலை என்ன?"

"ப்னே."

"பினே."

"பினே இல்லை. ப்-னே."

பொந்துவாஸ் வந்தது, பெருந்தெரு வந்தது, பரீஸ் வந்தது. ஸ்டாலின்கிராட்டில் அவளை இறக்கிவிட்டபோது பையைத் தோளில் போட்டுக்கொண்டு, சனத்துக்கு நடுவே, வாய்க்குள் அதைச் சொல்லிக்கொண்டே நடந்துபோனாள்.