வெளுத்துப் போன வானம்

எருமப்பட்டிப் பக்கம் மேகத்தைப் பற்றி ஏதாவது தெரிய வேண்டுமென்றால் சபரிநாதனைக் கேட்கலாம். எந்த மேகம் கொல்லிமலையில் தங்கும், எது தண்ணீர் காட்டிவிட்டு ஓடிப்போகும் என்று மணிக்கணக்கில் சொல்வார். மனைவி மஞ்சுளாவின் நல்ல படம் ஒன்று வீட்டில் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. மனிதர் எழுந்து கோழிக்கொட்டகைப் பக்கம் போய்விடுவார்.

நாலாயிரம் கோழி வைத்திருக்கிற சின்னப் பண்ணைக்காரர் அவர். விடிகாலையில் தீவனம், மதியம் முட்டை எடுப்பு, சாயங்காலம் ஒரு மணி நேரம் சும்மா. அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் சேலம் போய் ஒரு பழைய கேமராவை வாங்கி வந்தார். முதல் ஆறு மாதம் எடுத்ததெல்லாம் குப்பை. உச்சி வெயிலில் எடுத்து மேகமெல்லாம் சுண்ணாம்பு பூசிய மாதிரி வந்தது. மலை ஒரு பக்கம் சரிந்து நின்றது. மஞ்சுளா எட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, கொல்லிமலை சேந்தமங்கலத்துப் பக்கமா சாயுதுங்க, முட்டுக் குடுங்க" என்று சிரிப்பாள்.

பிறகு வீடியோக்களைப் பார்த்துப் பார்த்துப் பாடம் படித்தார். தொடுவானத்தை நட்ட நடுவில் வைக்காதே, கீழே இறக்கு. வெளிச்சத்தை மேகத்துக்குத்தான் அளக்க வேண்டும், நிலத்துக்கு அல்ல. கொஞ்சம் குறைத்தே எடு, நிலம் இருட்டினால் இருட்டட்டும், வானம் வெளுத்துவிடக் கூடாது. இது போதாதென்று, வானம் எவ்வளவு பெரியது என்று காட்ட, கீழே ஒரு ஆள் சின்னதாக நிற்க வேண்டுமாம். ஆளுக்கு எங்கே போவது? முட்டைத் தட்டைக் கீழே வைத்துவிட்டு மஞ்சுளா போய் நின்றாள்.

ஏழு வருஷம் நின்றாள். கடலைக்காட்டு வரப்பில், கிணற்றுமேட்டில், சோளத்தட்டைப் போருக்குப் பக்கத்தில். "இன்னும் தள்ளிப் போ புள்ள, இன்னும், இன்னும்" என்று இவர் கத்துவார். அவள் போய்க்கொண்டே இருப்பாள். படத்தில் ஒரு விரல்நக அளவு, கன்னங்கரேலென்று நிற்பாள். மேலே மேகம் தீயாய் எரியும். முகநூல் குழுவில் ஆயிரம் பேர் விருப்பம் போட்டார்கள். ஒருத்தர்கூட அந்த நிழல் யாரென்று கேட்கவில்லை. கேட்காதவர்களைக் குறை சொல்லி என்ன பண்ண, எடுத்தவருக்கே அது ஒரு அளவுகோல்தானே.

கோயமுத்தூரில் வேலை பார்க்கும் மகள் யுவஸ்ரீ எப்போது வந்து போனைத் தூக்கினாலும் மஞ்சுளா முந்தானையை முகத்துக்கு இழுத்துக்கொள்வாள். "போனுல வேண்டாஞ் சாமி. உங்கப்பா பெரிய கேமராவுல ஒரு நாளைக்கு என்னைய மட்டும் எடுப்பாரு, அப்பப் பாத்துக்க" என்பாள். சபரிநாதன் காதிலும் அது விழும். எங்கே ஓடிப்போகிறது, எடுத்தால் போச்சு என்று நினைத்துக்கொள்வார்.

போன ஐப்பசியில் ஒரு சாயங்காலம். காலையில் கொட்டகை இருட்டுக்குள் சீக்குக் கோழியை அதே கேமராவில் படமெடுத்துக் கால்நடை டாக்டருக்கு அனுப்பியவர், வெளிச்சத்தைக் கூட்டி வைத்ததை மாற்ற மறந்துபோனார். வரப்பில் மஞ்சுளா பத்தடி தூரத்தில்தான் வந்துகொண்டிருந்தாள். மலைக்கு மேல் மேகம் திரண்டிருக்கவே அவசரமாக அமுக்கிவிட்டார். திரையில் பார்த்தால் மேகமும் இல்லை, மலையும் இல்லை, வெறும் வெள்ளை. நடுவில் மஞ்சுளாவின் முகம் தெளிவாக நின்றது.

அவளும் குனிந்து பார்த்தாள். "இது நல்லாத்தானுங்க இருக்குது. என்ற மூஞ்சி தெரியுது பாருங்க."

"வானம் மொத்தமா வெளுத்துப் போச்சு புள்ள."

"மூஞ்சியும் வானமும் ஒண்ணா வராதுங்களா?"

"கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசைன்னா ஆகுமா?" என்றார். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அழித்தார். "சரி, நான் தள்ளிப் போய் நிக்கறனுங்க" என்று அவள் வரப்பில் நடந்தாள். அன்றைக்கு எடுத்த அடுத்த படத்துக்குத்தான் ஒரு போட்டியில் முதல் பரிசு கிடைத்தது.

தை மாதம் முட்டை எடுத்துக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நாமக்கல் போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது.

அடக்கத்துக்கு முன்பே ஊர் முனையில் கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ் வைத்தாக வேண்டும். பிளக்ஸ் கடை ஜெகதீஸ்வரன் படம் கேட்டான். கல்யாணப் படமெல்லாம் எப்போதோ கறையான் அரித்துப்போனது. சபரிநாதன் கேமராவையே தூக்கிக்கொண்டு போனார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். நானூறு படத்துக்கு மேல் தள்ளிப் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் இருந்தாள், ஒன்றிலும் முகமில்லை. ஜெகதீஸ்வரன் ஒரு படத்தைப் பெரிதாக்கி வெளிச்சத்தைக் கூட்டினான். கேழ்வரகு மாவைத் தூவிய மாதிரி புள்ளி புள்ளியாக உடைந்ததே தவிர, கண் எது, வாய் எது என்று தெரியவில்லை.

"இதையே போட்டுறலாமா தம்பி? பரிசு வாங்குன படம். மேகம் நல்லா வந்திருக்கும்" என்றார் சபரிநாதன், என்ன பேசுகிறோம் என்றே தெரியாமல்.

அவன் கம்ப்யூட்டரில் ஒன்றைத் திறந்து காட்டினான். நீல வானம், பஞ்சு மேகம், நடுவில் முகத்துக்கென்று வட்டமாக ஒரு காலி இடம். எல்லாச் சாவுக்கும் அதே வானம்தான். "வானம் எங்கிட்டயே இருக்குதுங்கண்ணா" என்றான் மெதுவாக. "அக்காவோட மூஞ்சிதானுங்க வேணும்."

கடைசியில் ஆதார் அட்டைப் படத்தைத்தான் போட்டார்கள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகும் ஒரு வாரம் அந்த பிளக்ஸ் முனையில் நின்றது. ஒரு சாயங்காலம் சபரிநாதன் அதன் முன்னால் நின்றிருந்தார். சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு வந்த பக்கத்துக் காட்டு நாச்சிமுத்து சைக்கிளை நிறுத்தி, "அண்ணா, மலைப்பக்கம் பாருங்க, மேகம் எப்படிச் செவந்து கெடக்குது! கேமராவ எடுக்கலீங்களா?" என்றார். இவர் திரும்பவில்லை. ஆதார் படத்தில் மஞ்சுளா வாயை இறுக்க மூடிக்கொண்டு, யாரோ திட்டியதைக் கேட்டவள்போல் இருந்தாள். அவளுக்கு முன்பல் ஒன்று லேசாக ஏறியிருக்கும். அழித்த படத்தில் அந்தப் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.