பனியன் துணியும் என் குளவிகளும்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, மாசி கழிந்து வெயில் ஏறத் தொடங்கிய நேரம். திருப்பூர் மண்ணரையில், பனியன் கம்பெனிகளுக்கு நடுவே ஓர் அறையை வாடகைக்குப் பிடித்துக் குளவி வளர்த்துக்கொண்டிருந்தேன். சொன்னால் எல்லோரும் ஒரு மாதிரி பார்ப்பார்கள். இவை மனிதரைக் கொட்டாது. எறும்பு அளவுதான் இருக்கும். தென்னை ஓலையைச் சுரண்டித் தின்னும் கருந்தலைப் புழுவின் மேல் முட்டையிட்டு, அதை ஒழித்துவிடும்.

வளர்க்கும் விதம் எளிது. விளக்குச் சிமினிக்குள் குளவிகளை விட்டு, அதன் வாயில் மெல்லிய துணி கட்ட வேண்டும். அதன்மேல் கம்புத் தானியத்தில் வளர்த்த அந்துப்பூச்சிப் புழுக்களை வைத்து, இன்னொரு துணியால் மூட வேண்டும். குளவிகள் வெளிச்சத்தைத் தேடி மேலே வந்து, துணி வழியாகவே புழுவைக் குத்தி முட்டையிடும். காலை வெயில் சிமினிகளில் விழும்போது அந்த அறையே தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல் மினுங்கும். பக்கத்துக் கம்பெனியின் தையல் மெஷின்கூட எங்கோ மழை பெய்வதுபோல் கேட்கும். வேலையை மறந்து உட்கார்ந்துவிடுவேன்.

அடுத்த அறையில் தூத்துக்குடிப் பக்கத்து அக்கா ஒருவர் குடியிருந்தார். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. என் சிமினித் துணிகள் நைந்திருப்பதைப் பார்த்து, கம்பெனியில் கழித்துப் போட்ட துண்டுகளைக் கேட்டு வாங்கி வந்து கொடுத்தார். அவ்வளவு மிருதுவான துணி. ஆசை ஆசையாக எல்லாச் சிமினிக்கும் ஒரே நாளில் மாற்றிக் கட்டினேன். மறுநாள் காலையில் ஒரு குளவிகூடப் பறக்கவில்லை. எல்லாம் எள்ளைக் கொட்டியதுபோல் அடியில் கிடந்தன.

அக்கா கம்பெனியில் விசாரித்து வந்தார். வெளிநாட்டு ஆர்டருக்காக, கொசு அண்டாமல் இருக்க மருந்து ஏற்றிய துணியாம் அது. எனக்கு வந்த ஆத்திரத்தை யார்மேல் காட்டுவது? மறுபடி பெருக்குவதற்கு ஒரு ஜோடிகூட மிச்சமில்லை. தெரிந்த இடங்களில் எல்லாம் கேட்டேன். அப்போது யாரிடமும் இல்லை. அறையைக் காலி செய்துவிட்டுப் பேசாமல் கம்பெனி வேலைக்கே போய்விடலாம் என்று முடிவு செய்தேன்.

குன்னத்தூரில் ஒருவருடைய தென்னந்தோப்பில் முந்தின மாதம்தான் குளவி விட்டிருந்தேன். அடுத்த தடவைக்குத் தர முடியாது என்று சொல்ல அவருக்குப் போன் செய்தேன்.

“ஏனுங்க அம்மணி, அன்னிக்கு உட்டதெல்லாம் எங்கீங்க போயிரும்? இங்கதான பெருகிக் கெடக்கோணும். வந்து பாருங்க” என்றார்.

கிளம்பும்போது அக்காவும் லீவு போட்டுவிட்டு என்னோடு பஸ் ஏறிவிட்டார். கையில் பழைய நூல் சேலைத் துண்டு ஒன்று.

“இது நான் கட்டித் தேஞ்ச சேல. இதுல ஒரு மருந்தும் கெடையாது” என்று மெதுவாகச் சொன்னார்.

தோப்புக்குப் போனதும், கையோடு கொண்டுபோன அந்துப்பூச்சிப் புழுக்களை அந்தத் துணிக்குள் வைத்து மடித்து, தாழ்ந்திருந்த ஒரு மட்டையில் கட்டினோம். எறும்பு ஏறாமல் இருக்கத் தோப்புக்காரர் மட்டையைச் சுற்றி கிரீஸ் தடவினார். பிறகு காத்திருப்பதுதான் வேலை. ஓலை அசைய அசைய வெயிலும் நிழலும் தரையில் இடம் மாறிக்கொண்டே இருந்தன. வாய்க்கால் தண்ணீர் எங்கோ ஓடிக்கொண்டிருந்தது. தூக்கமா விழிப்பா என்று தெரியாமல் எனக்குக் கண் சொருகியபோது, அக்கா என் மணிக்கட்டை அழுத்திப் பிடித்தார்.

“ஏ பிள்ள, அசையாத. அங்க பாரு.”

சேலைத் துணியின்மேல் ஒரு குளவி. மெல்ல நடந்தது, நின்றது, வயிற்றை வளைத்துத் துணிக்குள் குத்தியது. சற்று நேரத்தில் இன்னொன்றும் வந்து உட்கார்ந்தது. அக்காவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. துடைக்கக் கையை எடுத்தால் குளவி பறந்துவிடுமோ என்று அப்படியே விட்டுவிட்டார்.

அந்தத் துணியைப் பத்திரமாக எடுத்து வந்தோம். சில நாட்களில் புழுக்களின் பக்கத்தில் வெள்ளைக் கூடுகள் தெரிந்தன. அவற்றிலிருந்து பெருகி மறுபடி என் சிமினிகள் நிறைந்தன. அந்தத் தோப்பிலும் அடுத்த தடவை தவறாமல் கொண்டுபோய் விட்டேன்.

தோப்பில் திறந்துவிடும் குளவிகள் அத்தோடு போய்விடும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இப்போது ஒவ்வொரு முறை திறந்துவிடும்போதும், என் கையில் இருப்பதெல்லாம் போனாலும் எங்கோ ஓர் ஓலை நிழலில் எனக்குக் கொஞ்சம் மிச்சம் இருக்கும் என்ற தைரியம் வருகிறது.