முனியப்பனின் எல்லை

மூக்கண்டப்பள்ளி சுகுணாவுக்குக் குடிகாரர்களைத் திட்டத்தான் தெரியும். தெருவே கேட்கும்படி திட்டுவாள். பேக்கிங் வேலை பார்த்த கம்பெனி மூடிய பிறகு, ஓசூரில் ஒரு போதை மறுவாழ்வு மையத்தில் ஆலோசகர் பயிற்சிக்குச் சேர்ந்தாள். சேர்ந்ததும் முதலில் அவள் வாயைத்தான் கட்டினார்கள். திட்டக்கூடாது, அறிவுரை கூடாது, சத்தியம் வாங்கக்கூடாது, உள்ளே கேட்டதை வெளியே சொல்லக்கூடாது. அப்புறம் எதற்கு ஓர் ஆளை நாற்காலி போட்டு உட்காரவைக்கிறார்கள் என்பது அவளுக்குப் பிடிபடவே இல்லை. பயிற்சி தரும் அருணா மேடம் அவளைவிட வயதில் சின்னவர். "கேளுங்கக்கா, கேட்டாப் போதும்" என்பார்.

அவளிடம் தனியாக விடப்பட்ட முதல் ஆள் திம்மராயன். குளிருக்குப் பேர்போன தளிப் பக்கத்துக்காரர்; கர்நாடக எல்லை தாண்டி அத்திப்பள்ளியில் ஒரு கம்பெனியில் லோடு ஏற்றுகிற வேலை. கூட்டிவந்த மனைவி முனிலட்சுமிக்கு முகமெல்லாம் சிரிப்பு. ஊர் முனியப்பன் கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்து, கையில் கயிறும் கட்டியாகிவிட்டது.

"அன்னியிலிருந்து ஒரு சொட்டு தொடலம்மா. ஞாயித்துக்கெழம கூட வேலைக்குப் போறாரு. நீ நாலு நல்ல வார்த்த சொன்னா அப்பிடியே நின்னுக்கும்."

அவள் வெளியே போனதும் திம்மராயன் குரலைத் தாழ்த்தினார். "சத்தியத்த மீறலிங்க மேடம். நம்ம முனியப்பனுக்கு எல்ல செக்போஸ்டோட முடிஞ்சிருது. அந்தப் பக்கம் போயித்தான் குடிக்கறன். காலைல பஸ்ஸ விட்டு எறங்குனதும் ஒண்ணு, திரும்பறப்ப ஒண்ணு, நடுவுலயும் உண்டு. இந்தப் பக்கம் ஒரு பாவமும் பண்ணலிங்க."

சுகுணாவுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே எரிச்சலும். பொய் என்று சொல்லலாமென்றால், மனுஷன் சத்தியத்தை அட்சரம் பிசகாமல் காப்பாற்றுகிறார். உண்மை என்று சொல்லலாமென்றால், குடி குறையவே இல்லை. என்ன கேட்பது என்று தெரியாமல், "சாப்பாடெல்லாம் ஒழுங்கா சாப்புடறீங்களாண்ணா?" என்று கேட்டு அனுப்பிவைத்தாள்.

அடுத்த வாரம் முனிலட்சுமி கடுகடுவென்று வந்தாள். ஊர்க்காரர் யாரோ அத்திப்பள்ளியில் பார்த்துவிட்டுச் சொல்லிவிட்டார்.

"நாளைக்கி அங்க மாரம்மா கோயில்லயும் சத்தியம் பண்ண வெக்கறன். அந்தப் பக்கத்தையும் அடச்சிட்டா எங்க போயி குடிப்பாரு?"

"பண்றன்" என்றார் திம்மராயன், தலை குனிந்தபடி.

இந்த ஆள் சத்தியம் செய்தால் காப்பாற்றிவிடுவார், அதுதான் சுகுணாவுக்குப் பயம். நாள் முழுக்கக் குடித்துப் பழகிய உடம்பு திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிரே போகலாம் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அறிவுரை சொல்லாதே என்றதும் அதே வகுப்புதான். மேடமோ அன்று பார்த்துக் கிருஷ்ணகிரிக்கு ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார், போனை எடுக்கவில்லை. எந்தப் பக்கம் போனாலும் தப்பு மாதிரி இருந்தது.

"அந்தச் சத்தியம் வேணாங்கக்கா" என்றாள் கடைசியில்.

முனிலட்சுமி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "குடிய நிறுத்தற எடத்துல ஒக்காந்துக்கிட்டு குடிக்கச் சொல்றியா நீ?"

"குடிக்கச் சொல்லலக்கா. இங்க டாக்டர் பக்கத்துல இருக்க நிறுத்தட்டும்னு சொல்றன். அண்ணா, கைய நீட்டுங்க."

நீட்டினார். காலையிலிருந்து மனைவி கூடவே இருந்ததால் அவரால் எல்லைப் பக்கம் போக முடியவில்லை. இரண்டு கைகளும் மேஜைமேல் நிற்காமல் ஆடின.

"அது தளிக் குளுரு" என்றாள் முனிலட்சுமி. "தெனமும் காலைல அப்பிடித்தான். கம்பளி போத்தி விடுவன்."

"இங்க ஏதுக்கா குளுரு?"

முனிலட்சுமி ஜன்னலில் அடிக்கும் வெயிலைப் பார்த்தாள். புருஷன் நெற்றியில் வழிந்த வேர்வையைப் பார்த்தாள். "இவ்ளோ முடியாதவரு எதுக்குய்யா சத்தியம் பண்ண?"

"நீ சிரிச்சி எத்தன வருசமாச்சி" என்றார் திம்மராயன். "கயிறு கட்டுன பொறவுதான் சிரிச்ச."

முனிலட்சுமி ஆடுகிற அந்தக் கைகளைத் தன் கைகளுக்குள் வைத்து அழுத்திப் பிடித்தாள். ஆட்டம் நிற்கவில்லை, அவள் கைகளும் சேர்ந்து ஆடின.

"டாக்டரக் கூப்புடும்மா" என்றாள்.